ஏட்டுக்கு ஒரு நீதி, பாட்டுக்கு ஒரு நீதியா?

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையைச் சொல்லாத தமிழாசிரியர் இல்லை. ஓரெழுத்துச் சிதைந்தால் பாடம் சிதையும் என்று மாணவர்க்கு ஓதுகிறோம். ஏட்டுக்குக் காட்டும் இந்த அக்கறை ஒலிக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியை 128 கிலோபிட் எம்.பி.3 ஆகச் சுருக்கிவிட்டு, மூலப் பதிவை அழித்துவிடும் இலக்கிய அன்பர்களை நோக்கியே இக்கேள்வியை எழுப்புகிறோம்.

கணக்கு எளியது. குறுந்தகடு நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில், இரு தடங்களில் ஒலியை அளந்து வைக்கிறது. நொடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் கோப்பு அதில் பதினொன்றில் ஒரு பங்கு. காது கவனிக்காது என்று மென்பொருள் தீர்மானித்தவை கழிக்கப்படுகின்றன. கழிந்தது மீளாது. ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் முதற்பதிப்பு கண்ட ஃப்ளாக் முறையோ, கோப்பை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கியும் ஒரு பிட்டைக்கூட விடுவதில்லை. மூல ஒலியின் எம்.டி.5 முத்திரையையும் உள்ளே வைத்திருப்பதால், பாடம் பிழைபட்டதா என்று எப்போதும் சோதிக்கலாம். பதிப்பாசிரியர் எவரும் கனவு காணும் வசதி இது.

"256 கிலோபிட்டில் வேறுபாடு யாருக்குக் கேட்கிறது?" என்பார் உண்டு. பேருந்தில் கேட்பதற்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் கேட்கும் படி வேறு, காக்கும் படி வேறு. எம்.பி.3 கோப்பை மறுபடி வேறு வடிவுக்குச் சுருக்கும்போதெல்லாம் மேலும் இழக்கிறோம். பழைய 78 சுழற்சித் தட்டுகளுக்கு இன்னும் கேடு: தட்டின் இரைச்சலுக்கே பிட்டுகள் செலவாகி, நாதசுவரத்துக்கு எஞ்சுவது குறைகிறது. நாளை இரைச்சலை நீக்கும் நல்ல கருவி வந்தாலும், சிதைந்த பிரதியை வைத்து அது என்ன செய்யும்?

இனி நூலகத்துக்கு வருவோம். ஐடியூன்ஸ் தன் நூலகத்தில் ஃப்ளாக் கோப்பைச் சேர்த்ததே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2004இல் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற தன் சொந்த வடிவத்தைக் கொண்டுவந்தது; 2011இல்தான் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2017இல் ஐபோனின் கோப்புச் செயலி ஃப்ளாக்கை இசைக்கத் தொடங்கியது. ஆனால் ஐடியூன்ஸின் இடத்துக்கு 2019இல் மேக் கணினிகளில் வந்த மியூசிக் செயலியின் நூலகக் கதவு திறக்கவில்லை. கருவிக்குத் திறன் உண்டு, அனுமதி இல்லை என்பதே இதன் பொருள். சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் நம் ஊர்ப் பெண்களின் விரல்கள் ஐபோனைக் கோத்துத் தருகின்றன. நெடுஞ்சாலையில் ஷிப்டுப் பேருந்துகள் அணிவகுக்கும் இவ்வூரில் நின்று கேட்கிறோம்: நாம் கோத்த கருவியின் இசை நூலகத்தில் எவ்வடிவம் நுழையலாம் என்று வேறெவரோ விதிப்பதை வாய்மூடி ஏற்பதா?

ஃப்ளாக்கை ஆப்பிள் லாஸ்லெஸ் ஆக்கினால் ஒலி சிறிதும் குறையாது என்பது உண்மைதான். எக்ஸ்.எல்.டி., ஃபூபார்2000, எஃப்.எஃப்.எம்பெக் ஆகிய எதுவும் சில நிமிடங்களில் மாற்றித் தரும். நம் வழக்கு ஒலியின் தரம் பற்றியதன்று, உரிமை பற்றியது. யாருக்கும் உரிமைத்தொகை வேண்டாத, 2024இல் இணையப் பொதுத்தரமாகவும் பதிவான ஒரு வடிவத்தை வாசலில் நிறுத்துவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் நமக்குத் தென்படவில்லை.

தமிழனுக்கு இதில் தனி நட்டமும் உண்டு. எம்.பி.3இன் பழைய ஐடி3 குறிப்பில் தலைப்புக்கும் கலைஞர் பெயருக்கும் 30 பைட்டுதான். யூ.டி.எஃப்-8 ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. பத்துக் குறிக்கு மேல் இடமில்லை. 'ராஜரத்தினம்' என்ற பெயரே பதினொன்று! பின்வந்த பதிப்புகள் இடம் தந்தன என்றாலும், திஸ்கி காலத்தில் எழுதிய குறிப்புகள் இன்று புரியாக் கிறுக்கல்களாய் நிற்கின்றன. ஃப்ளாக்கின் குறிப்புகளோ தொடக்கம் முதலே யூ.டி.எஃப்-8. பாடியவர், பக்கவாத்தியம், இராகம், தட்டின் எண் அனைத்தையும் தமிழிலேயே எழுதலாம்.

ஆகவே நாம் வலியுறுத்துவது: மூலத்தை ஃப்ளாக்கில் வைத்து, இரு வேறு வட்டுகளில் காப்போம். நூலகம் கேட்கும் வடிவுக்குப் படி மட்டும் எடுத்துக் கொடுப்போம். எம்.பி.3ஐ ஃப்ளாக் ஆக்கி 'இழப்பற்றது' என்று பரப்புவோரைப் போலி ஏடு தருவோருக்கு நிகராகக் கருதுவோம். கரையான் தின்ற ஏட்டுக்காக இன்னும் அழுகிறோம். கரையானுக்கு எழுத்தறிவில்லை, நமக்கு உண்டு.