விலை ஏறுமுன் ஓலை உண்டா?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் வாரம். காலைத் திருப்பலியை முடித்துவிட்டுப் பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் விரைந்து வந்தார். கணவரை இழந்தவர், வீட்டில் தையல் தைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். வழக்கமாகச் சற்று நேரம் பேசிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்லுவார். அன்று நேராகவே கேட்டார்.

"சாமி, ஒரு அம்பது ரூபாய் இருந்தா குடுங்க. சாயங்காலம் தந்துடுறேன். சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறார்."

சமையல் எரிவாயுவுக்கென்று அவர் ஒரு டப்பாவில் தனியாகப் பணம் சேர்த்து வைப்பது வழக்கமாம். சென்னையில் அதுவரை 14.2 கிலோ சிலிண்டரின் விலை 818 ரூபாய் 50 காசு. அதற்கும், சுமந்து வருபவருக்குத் தரும் சிறு தொகைக்கும் கணக்காக அவர் எடுத்து வைத்திருந்தார். பில்லில் 868 ரூபாய் 50 காசு என்றிருந்தது. முந்தின நாள் பிற்பகலில் மத்திய அமைச்சர் தில்லியில் அறிவித்தார். மறுநாள் காலை முதல் அது நடைமுறை. தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிக் கிடந்த அந்த வீட்டுக்குச் செய்தியைக் கொண்டுவந்தவர் சிலிண்டர் சுமந்து வந்த தம்பிதான்.

பணத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி நின்று சொன்ன வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. "அம்பது ரூபாய் பெரிசில்லை சாமி. ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் எங்கேயாவது பார்த்து வெச்சிருப்பேன். கல்யாணத்துக்கே மூணு ஓலை வாசிக்கிறீங்க."

அன்பர்களே, அந்த ஒப்புமை என் சிந்தையை விட்டு அகலவில்லை. ஓலை வாசிப்பது நமக்குப் பழகிப்போன காரியம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நாம் வாசிக்கும்போது, பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆயினும் அந்த வழக்கம் வந்த வரலாறு பெரிது. இரகசியத் திருமணங்களால் பெண்களும் பிள்ளைகளும் சீரழிவதைக் கண்டு, 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம் திருமணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. 1563இல் திரிதெந்தின் சங்கம், அடுத்தடுத்து வரும் மூன்று கடன் திருநாள்களில் அறிவிக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். காரியம் நடக்கும் முன்னரே சொல்லப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்கள் கூடும் இடத்திலேயே, அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்லப்படுகிறது. யோசிக்க நாள் தரப்படுகிறது. மறுப்புச் சொல்ல வருபவர் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிகிறது. கேட்டவர் அதை விசாரித்தே ஆகவேண்டும்.

இப்படியோர் ஓலை விலை உயர்வுக்கு உண்டா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிலிண்டருக்கு இல்லை. வீட்டு உபயோகச் சிலிண்டரின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் அரசின் முடிவையொட்டி மாற்றுகின்றன. 2023 மார்ச் 1ஆம் நாள் 50 ரூபாய் ஏறிச் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு ஆனதும் அப்படித்தான். அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் 200 ரூபாய் குறைந்ததும், 2024 மார்ச்சில் மேலும் 100 ரூபாய் குறைந்ததும் அப்படித்தான். குறையும்போது முன்னறிவிப்பு இல்லையே என்று எவரும் வருந்துவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஏறினாலும் இறங்கினாலும், நுகர்வோர் தம் கருத்தைச் சொல்ல ஓர் இடமோ நாளோ இல்லை.

குழாய் எரிவாயு? நம் புறநகர்த் தெருக்களிலும் அதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. 2018இல் நாடு முழுவதும் பல பகுதிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, சென்னை, திருவள்ளூர்ப் பகுதி ஒரு நிறுவனத்துக்கும், அக்காலத்தில் தாம்பரமும் உள்ளடங்கியிருந்த காஞ்சிபுரம் பகுதி வேறொரு நிறுவனத்துக்கும் சென்றன. எண்ணூரை அடுத்து 2019இல் திறக்கப்பட்ட முனையத்தில் திரவ இயற்கை எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. இத்துறைக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் என்ற அமைப்பு தில்லியில் இருக்கிறது. நெடுந்தூரக் குழாய்களில் எரிவாயுவைக் கொண்டுசெல்லும் கட்டணத்தை அந்த வாரியம் நிர்ணயிக்கும்போது ஆலோசனை ஆவணம் வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. ஆனால் நம் அடுப்படியில் எரியும் வாயுவின் சில்லறை விலையை வாரியம் நிர்ணயிப்பதில்லை; விநியோகிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. குழாய் வரப்போகிறது என்று மகிழும் குடும்பங்கள், இணைப்புப் படிவத்தில் கையெழுத்திடும்முன், விலை மாறினால் எப்படி, எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிப்பீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி மின்சாரம். இங்கேதான் ஓலை இருக்கிறது. அதுவும் சட்டப்படி இருக்கிறது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதைச் சொல்லுகிறது. கட்டணத்தை மாற்ற விரும்பும் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுச் செய்ய வேண்டும். அம்மனுவின் சுருக்கத்தைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். ஆணையம், மக்களிடமிருந்து வந்த எல்லா ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் கருத்தில் கொண்ட பின்னரே, மனு வந்த 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். நம் மாநிலத்தில் அந்தப் பொறுப்பு 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உரியது. அதன் அலுவலகம் தொலைவில் இல்லை. தாம்பரத்திலிருந்து மின்சார இரயில் ஏறினால் கிண்டியில் இறங்கிவிடலாம்.

2022இல் இது நம் கண்முன்னே நடந்தது. அதற்குமுன் 2014 டிசம்பரில் கட்டணம் மாறியிருந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 18ஆம் நாள் மின் உற்பத்தி, பகிர்மானக் கழகம் உயர்வுக்கான மனுவைத் தாக்கல் செய்தது. அறிவிப்பு வெளியாயிற்று, கருத்துச் சொல்ல ஒரு மாத அவகாசம் தரப்பட்டது. ஆகஸ்டு 16இல் கோவையிலும், 18இல் மதுரையிலும், 22இல் சென்னை கலைவாணர் அரங்கிலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 9இல் ஆணை. 10ஆம் நாள் முதல் புதிய கட்டணம்.

முறை சரிதான். ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் சில காரியங்கள் உறுத்துகின்றன. முதலாவது, மொழி. மனு நூற்றுக்கணக்கான பக்கங்கள், கணக்கெல்லாம் கோடிகளில். தையல் தைக்கும் அந்தத் தாய்க்கு வேண்டியது ஒரே ஒரு வரி: இதுவரை கட்டிய தொகை இவ்வளவு, இனிக் கட்ட வேண்டியது இவ்வளவு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு உயர்வு மாதம் 27 ரூபாய் 50 காசு என்று அன்று அறிவித்தார்கள். பொய்யன்று. ஆயினும் நாம் பணம் கட்டுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பில்லில் தெரிந்ததோ 170 ரூபாய் 225 ஆனது. அதாவது 55 ரூபாய். விழுக்காட்டில் பார்த்தால் ஏறத்தாழ 32. எந்த அளவுகோலால் நாம் பணம் கட்டுகிறோமோ அதே அளவுகோலால் உயர்வையும் சொல்லுவதுதானே முறை?

இரண்டாவது, நாளும் இடமும். மூன்று கூட்டங்களும் வேலை நாட்களில். சென்னைக் கூட்டம் திங்கட்கிழமை. தாம்பரத்திலிருந்தோ பம்மலிலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளி வாலாஜா சாலைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. உயர்வு 55 ரூபாய். அதை மறுக்கப் போகும் செலவு அதனினும் பல மடங்கு. பெரிய ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் ஆள் அனுப்ப வசதி உண்டு; அடுப்படிக்கு இல்லை.

குற்றம் முழுவதையும் பிறர் தலையில் சுமத்தவும் என் மனம் இடந்தரவில்லை. அந்த ஜூலையில் நாளேட்டில் வந்த அறிவிப்பை நான் பார்த்தேன். சிறிய எழுத்து, நீண்ட அட்டவணை. மடித்து மேசையில் வைத்தேன். ஆகஸ்டு மாதமோ வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் அன்பர்களுக்கு இடமும் உணவும் ஏற்பாடு செய்யும் காலம். அந்தத் தாள் கடைசியில் அவர்களுக்கு இட்லி மடித்துக் கொடுக்கத்தான் பயன்பட்டது. படித்த நானே அப்படியென்றால்!

அதன் விலை என்ன என்பதை அடுக்குமாடிக் குடியிருப்பு அன்பர்கள் அறிவார்கள். அந்த 2022 ஆணையில், குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு, அதாவது மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கங்களில் எட்டு வீடு, பத்து வீடு கொண்ட, லிப்ட் இல்லாத சிறு கட்டடங்களே மிகுதி. நம் பங்கில் அப்படியொரு கட்டடத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பராமரிப்புக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "குளிக்கிற தண்ணிக்கும் லிப்ட் வெச்ச பங்களாக்காரர் ரேட்டா, பாதர்?" என்று என்னிடம் கேட்டார். குடியிருப்போர் தொடர்ந்து முறையிட்டார்கள். 2023 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார்: பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாமல், லிப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு 8 ரூபாய் 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்படும். சொன்னால் கேட்கப்படும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் சொல்ல வேண்டிய ஆகஸ்டில் சொல்லாமல், அடுத்த ஆண்டு வரை கட்டிவிட்டுச் சொன்னோம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆணை 2026-27 நிதியாண்டு வரைக்குமானது. ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டணம் தானாக ஏறலாம் என்று அதிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதனால் ஒவ்வோர் உயர்வுக்கும் மறுபடி கூட்டம் கூடுவதில்லை. 2023இல் 2.18 விழுக்காடு, வீடுகளுக்கு உரியதை அரசே ஏற்றது. 2024இல் 4.83 விழுக்காடு, இது வீடுகளுக்கும் உண்டு. அந்த ஆணை பிறந்த நாள் ஜூலை 15. நடைமுறைக்கு வந்த நாளோ ஜூலை 1! தாலி கட்டிய பின் வாசித்த ஓலை என்று இதைச் சொன்னால் தவறாகுமா? 2025இல் 3.16 விழுக்காடு உயர்ந்தபோது வீடுகளின் சுமையை மீண்டும் அரசு ஏற்றது.

வெளிநாடுகளில் எப்படி என்று அறிந்துகொள்வதில் பயனுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எரிவாயு நிறுவனம் கட்டண உயர்வு கேட்டு மனுச் செய்தால், 45 நாட்களுக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாதப் பில்லுடனோ தனியாகவோ ஓர் அறிவிப்பை அனுப்பியாக வேண்டும். அங்கே பணி செய்துவிட்டு வந்த உறவினர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ஆமாம், வரும். உறையைப் பிரித்ததும் குப்பைக் கூடைக்குப் போகும்" என்றார் சிரித்துக்கொண்டே. மனித இயல்பு எங்கும் ஒன்றுதான் போலும். ஆயினும் கையில் வந்த தாளை எறிவது வேறு. தாளே வராமல் இருப்பது வேறு. பிரிட்டனில், ஒழுங்குமுறை அமைப்பு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மூன்று மாதத்துக்கொருமுறை விலை வரம்பு விதிக்கிறது; நடைமுறைக்கு வருவதற்கு ஒரு மாதத்துக்கும் முன்பே அறிவித்துவிடுகிறது. அந்தத் தாய் கேட்ட "ஒரு வார்த்தை" அதுதான்.

நாம் செய்யக்கூடியது என்ன என்று சில அன்பியத் தலைவர்களோடு கலந்து பேசினேன். ஆட்சேபம் எழுத வழக்கறிஞர் தேவையில்லை. ஆணையத்தின் செயலாளருக்கு, பெயர், முகவரி, மின் இணைப்பு எண் குறிப்பிட்டுத் தமிழிலேயே எழுதலாம். "ஏற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அது புலம்பலாக நின்றுவிடும். எங்கள் வீட்டில் இத்தனை யூனிட், இதுவரை இவ்வளவு கட்டினோம், இனி இவ்வளவு ஆகும், இந்தப் பிரிவில் எங்களைச் சேர்ப்பது இந்தக் காரணத்தால் பொருந்தாது என்று எழுதினால், பதில் சொல்லியாக வேண்டிய கடிதமாக அது ஆகிவிடும். ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் இதற்கு ஒரு மாதிரிக் கடிதம் எழுதித் தர இசைந்திருக்கிறார். 2026-27உடன் இந்த ஆணையின் காலம் முடிவதால், அதன்பின் புதிய மனுவும் புதிய அறிவிப்பும் வந்தாக வேண்டும்.

அறிவிப்பு வரும் நாளில் அதைப் பெரிய எழுத்தில், இரண்டு மாதக் கணக்காக மாற்றி எழுதிக் கோயில் முகப்புப் பலகையில் ஒட்டும்படி உபதேசியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். திருமண ஓலைகள் ஒட்டும் அதே பலகைதான். ஏப்ரல் 8ஆம் நாள் மாலை, சொன்னபடியே, அந்தத் தாய் ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது டப்பாவில் ஐம்பது ரூபாய் கூடுதலாகவே போட்டு வைக்கிறாராம்.