புகையை விடும் கணவரும் எடைக்கு அஞ்சும் மனைவியும்

மதுரைக் காளவாசல் சந்திப்பைச் சுற்றிலும், தேனி சாலையிலும் பைபாஸ் சாலையிலும் அரசரடிப் பக்கத்துத் தெருக்களிலும், மாலை வேளைகளில் வைத்தியம் பார்த்துவரும் நம் வாசகர்களுக்கு, இவ்வுரைக்குக் காரணமான தம்பதிகள் புதியவர்கள் அல்லர். கணவர் சிகரெட்டை விட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். தாமாக வந்திருக்க மாட்டார், மனைவி அழைத்து வந்திருப்பார். வந்த காரியமும் இருமலாகவோ நெஞ்சுச் சளியாகவோ இராது. "சிகரெட்ட விட்டுட்டாரு டாக்டர், சந்தோஷந்தான். ஆனா ஒரு பேன்ட்டும் சேர மாட்டேங்குது. எங்க மாமாவுக்கு இருக்க மாதிரி இவருக்கும் சுகர் வந்துருமோன்னு பயமா இருக்கு" என்பார் அந்த அம்மாள். "பழையபடி ரெண்டு தம் அடிச்சாலாவது உடம்பு கட்டுக்குள்ள இருக்கும்" என்று கணவர், பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும், மேசையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நாம் என்ன விடை தருகிறோம் என்பதில், அவர் மறுபடி பெட்டிக்கடை வாசலில் தொங்கும் கயிற்று நெருப்பை நாடுவாரா என்பதும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது நலம்: அவர்களுடைய அச்சம் வீண் பிரமை அன்று. நிகோடின் பசியை அடக்குகிறது. அத்துடன் தேகம் சும்மா இருக்கையில் செலவிடும் சக்தியையும் சிறிது உயர்த்துகிறது. 1986-இல் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட பரிசோதனையில், நாளொன்றுக்கு 24 சிகரெட் புகைத்தவர்களுடைய சக்திச் செலவு, புகைக்காத நாளைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. புகை நின்றதும் அந்தச் செலவு குறைகிறது, நாவின் சுவை திரும்புகிறது, கைக்கும் வாய்க்கும் வேலை இல்லாமல் போகிறது. இம்மூன்றும் ஒன்றுகூடுகையில் எடை ஏறாதிருந்தால்தான் ஆச்சரியம். எவ்வளவு ஏறும் என்பதற்கு, 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு தெளிவான விடை தந்தது: மருந்தின் துணையின்றி விட்டவர்களுக்கு முதல் மாதத்தில் சராசரி 1.1 கிலோ, மூன்றாம் மாத முடிவில் 2.9 கிலோ, ஓராண்டில் 4.7 கிலோ. ஆயின் சராசரி என்பது தனி மனிதனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதே ஆய்வில் 16 சதவீதத்தினர் இளைத்திருந்தனர், 13 சதவீதத்தினர் 10 கிலோவுக்கு மேல் பருத்திருந்தனர். "எடையெல்லாம் ஏறாது, கவலைப்படாதீங்க" என்று நம்மில் சிலர் கூறும் ஆறுதல் ஒரு மாதத்துக்குள் பொய்யாகிவிடுகிறது. பொய்யாகிவிட்ட பிறகு நாம் கூறும் ஏனைய புத்திமதிகளுக்கும் அந்த வீட்டில் மதிப்புக் குறைகிறது.

இந்த அச்சத்தை விற்றே செல்வம் சேர்த்தவர்களும் உண்டு. 1928-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் நிறுவனத்தார், இனிப்புக்குப் பதிலாகத் தங்கள் சிகரெட்டை எடுக்கும்படி பெண்களுக்கு விளம்பரம் செய்தார்கள். மிட்டாய் வியாபாரிகள் வெகுண்டெழுந்து கண்டித்தும் விற்பனை பெருகியது. மெலிந்த தேகத்துக்கும் சிகரெட்டுக்கும் அன்று போடப்பட்ட முடிச்சு, அந்த விளம்பரத்தைக் கண்டிராத நம்மூர்க் கணவருடைய வாயிலும் இன்று வந்து விழுகிறது.

சர்க்கரை வியாதியைப் பற்றிய அந்த அம்மாளின் கேள்விக்கு இன்னும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' (INDIAB) ஆய்வு, 2023-இல், நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு அந்நோய் இருப்பதாகக் கணித்தது. நம் மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்றும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லை என்றும் நாம் வகுத்திருப்பது காரணமின்றி அன்று. 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, புகையை விட்டபின் எடை கூடியவர்களுக்கு நீரிழிவின் அபாயம் சில ஆண்டுகள் உயர்ந்து, ஐந்து முதல் ஏழாம் ஆண்டு வரையில் உச்சத்தை எட்டிப் பின்னர் தணிவதாகக் கண்டது. எடை கூடாதவர்களிடம் அந்த உயர்வே காணப்படவில்லை. ஆகவே எடையை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை நாம் நோயாளியிடம் சொல்லாமல் விடுவது பெரும் பிழை: எத்தனை கிலோ கூடியிருந்த போதிலும், விட்டவர்களுடைய மரண விகிதம் புகைத்துக்கொண்டே இருந்தவர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது.

மரண விகிதத்தைப் பற்றிப் பேச நாம் அமெரிக்கா வரையில் போகவும் வேண்டியதில்லை. வெ. கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோவும் மற்றையோரும் சென்னை நகரத்திலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, க்ஷயரோகத்தால் இறந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகையே பொறுப்பு என்று காட்டிற்று. அந்த அம்மாளுக்கும் இதில் சொந்த நலன் உண்டு. ஜப்பானில் ஹிராயாமா 91,540 மனைவியரைப் பல்லாண்டு கவனித்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் புகைக்காதிருந்தும் புகைக்கும் கணவருடன் வாழ்ந்த பெண்களுக்கு நுரையீரல் புற்று கூடுதலாகத் தென்பட்டது. நம் நாட்டில், 2016–17-ஆம் ஆண்டுப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே பிறர் விட்ட புகையைச் சுவாசித்தார்கள்.

இனி, நம்மிடையே வழக்கமாகிவிட்ட ஒரு பிரிஸ்கிரிப்ஷனைப் பற்றி: "சிகரெட்டையும் விடுங்க, அரிசியையும் பாதியாக் குறைங்க, இன்னிக்கே ஆரம்பிங்க." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த உபதேசம் அனுபவத்தில் இரண்டையும் கெடுப்பதாகவே நாம் கருதுகிறோம். பிட்ஸ்பர்க் நகரில் பெர்கின்ஸ் குழுவினர் எடையைப் பற்றி அஞ்சிய பெண்களை மூன்று பிரிவாக்கிச் சிகிச்சை அளித்து 2001-இல் வெளியிட்ட முடிவுகள் இங்கே கவனிக்கத்தக்கவை. ஓராண்டு முடிவில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம் பேரும், உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கற்றவர்களில் 13 சதவீதம் பேரும், எடையைப் பற்றிய அச்சத்தையே எடுத்துப் பேசி அதைத் தணித்துக்கொள்ளப் பழகியவர்களில் 21 சதவீதம் பேரும் புகையின்றி இருந்தனர். 1999-இல் ஸ்வீடனில் கடும் பத்தியத்தை மெல்லும் நிகோடின் பசையுடன் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டவர்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில், தயாரித்துக் கொடுக்கப்பட்ட ஆகாரத்தைக்கொண்டு நடந்தது. அதை நம்மூர்ச் சமையலறைக்குள் மனைவியின் தலையில் சுமத்துவது வேறு விஷயம்.

மனைவி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கே இப்போது வருவோம். இவ்வுரையின் பிரதான விஷயமும் அதுவே. நம் கிளினிக்குகளில் நோயாளிகளே எடுத்துக்காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் சென்னையில், ஒய். ஜி. மகேந்திரனின் 'சாருகேசி' நாடக விழாவில் பேசிய ரஜினிகாந்த், கணக்கில்லாத சிகரெட்டும் மதுவும் இறைச்சியுமாக வாழ்ந்த தம்மை மாற்றியவர் தம் மனைவி லதா என்று வெளிப்படையாகக் கூறினார். கேட்டவர்கள் யாவரும் மனைவியின் அன்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் அத்துடன், தக்க மருத்துவர்களிடம் மனைவி தம்மை அனுப்பியதையும் குறிப்பிட்டார். இந்த இரண்டாவது பாதி மறக்கப்படுவதனால், எத்தனையோ இல்லங்களில் கணவர் மறுபடி புகைத்தால் மனைவிக்குப் போதிய அன்போ சாமர்த்தியமோ இல்லை என்ற அபவாதம், சில சமயம் மாமியாரின் வாய்மொழியாகவே, வந்து சேர்கிறது.

விஞ்ஞானம் இந்த அபவாதத்துக்கு இடம் தரவில்லை. மனைவிக்கோ கணவருக்கோ பயிற்சி கொடுத்துத் துணைவரின் புகைப்பழக்கத்தை நிறுத்த முயன்ற சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வாளர்கள், 2018-இல், அப்பயிற்சியினால் விட்டவர்களின் தொகை கூடியதாகத் தெரியவில்லை என்றே முடிவு கட்டினர். இதற்கு நேர் எதிராகத் தோன்றும் உண்மையும் ஒன்று இருக்கிறது: ஃப்ராமிங்ஹாம் குடும்பங்களை ஆராய்ந்த கிறிஸ்டாகிஸும் ஃபௌலரும் 2008-இல், தம்பதியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைவதைக் கண்டனர். ஆக, துணையின் வாழ்க்கை பாதிக்கிறது. துணைக்கு நாம் எடுக்கும் வகுப்பு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இரண்டுக்கும் இடையே வழிகாட்டுவது கோஹனும் லிக்டென்ஸ்டைனும் 1990-இல் எழுதிய கட்டுரை. துணைவர் செய்த நல்லவற்றின் எண்ணிக்கையைக் காட்டிலும், நல்லவற்றுக்கும் நச்சரிப்புக்கும் உள்ள விகிதமே பலனை முன்கூட்டிக் காட்டுவதாக அவர்கள் கண்டார்கள். பாராட்டைக் கூட்டச் சொல்லும் நாம், நச்சரிப்பைக் குறைக்கச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நச்சரிப்பு எத்தகையது என்பதை நம் வாசகர்கள் நேரில் அறிவார்கள். சட்டையை மோந்து பார்ப்பது, பாக்கெட்டில் ஹால்ஸ் காகிதம் கிடைத்தால் விசாரணை வைப்பது, பெட்டிக்கடைக்காரரிடம் "இவருக்குக் குடுக்காதீங்கண்ணே" என்று சொல்லி வைப்பது, பிள்ளைகளை உளவுக்கு அனுப்புவது. எடை விஷயம் சேர்ந்துவிட்டால், காலையில் எடை மிஷின்மேல் ஏற்றுவதும், பந்தியில் எல்லார் முன்னிலையிலும் இலையிலிருந்து வடையை எடுப்பதும், "தொப்பையப் பாருங்க" என்பதும். அத்தனையும் அக்கறையில் பிறப்பவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இரண்டு பரீட்சைகளில் ஒருசேரத் தினந்தோறும் தோற்கடிக்கப்படும் மனிதன், எளிதில் தேறக்கூடிய ஒன்றையே தேர்ந்துகொள்கிறான். சிகரெட் பற்றவைத்தால் எடையாவது குறையும் என்ற தர்க்கம் அங்கேதான் முளைக்கிறது.

ஆகையால் அந்த அம்மாளிடமிருந்து இரண்டு வேலைகளை நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்: சிகரெட் எண்ணும் வேலையும், எடை பார்க்கும் வேலையும். இவ்விரண்டும் கிளினிக்கைச் சேர்ந்தவை. மாதம் ஒருமுறை நம் மேசையருகே எடையும் இடுப்பளவும் பார்ப்போம். வெறும் வயிற்றுச் சர்க்கரையோ எச்பிஏ1சியோ தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் பார்ப்போம். முதல் மூன்று மாதம் வீட்டில் எடை மிஷின் வேண்டாம். அதற்கு ஈடாக அவர் வசம் விடத்தக்கது மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட பொழுது. மதுரைக்காரருக்குப் புகையும் பலகாரமும் கைகோத்து வரும் நேரம் அது. வேலை முடிந்து டீக்கடையில் நின்று குடித்த டீயும் தம்மும் போய், இப்போது டீயும் இரண்டு பஜ்ஜியும் என்று ஆகியிருக்கும், இரவில் புரோட்டாவும் சால்னாவும் தொடரும். இதைத் தடை செய்வதால் பயனில்லை. வீட்டுக்கு வந்தவுடன் கைக்கு எட்டும்படி சுண்டலோ, வெள்ளரிப்பிஞ்சோ, கொய்யாவோ, உப்பிட்ட மோரோ இருந்தால் பாதி யுத்தம் முடிந்தது. இரவு உணவுக்குப் பின் இருவரும் சேர்ந்து நடப்பது மற்றொரு பாதி. காளவாசல் சந்திப்பில் நடக்கச் சொல்ல நமக்குத் துணிவில்லை, தெருவுக்குள்ளேயே நான்கு சுற்று வந்தாலும் போதும். புகை நாட்டம் எழுந்தாலும் சில நிமிஷங்களில் தணிந்துவிடும் என்பதை அந்த அம்மாளுக்கும் சொல்லி வைத்தால், அந்தச் சில நிமிஷம் எரிந்து விழும் கணவரிடம் பதிலுக்கு எரிந்து விழாதிருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

டீயைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. காஃபீனைக் கல்லீரல் கழிக்கும் வேகத்தைச் சிகரெட் புகை கூட்டி வைத்திருக்கிறது; புகை நின்ற சில நாளில் அந்த வேகம் இறங்கிவிடுவதால், பழைய கணக்கில் காபியும் டீயும் குடிப்பவருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் வரும்; நாமோ அதை நிகோடின் ஏக்கம் என்று எண்ணிவிடுகிறோம். ஐந்து டீயை மூன்றாக்கினால் சர்க்கரையும் தானே குறைகிறது. இதே காரணத்தால் தியோஃபிலின், குளோசபின், ஓலன்சபின் உட்கொள்வோரின் அளவையும், வேறு காரணத்தால் இன்சுலின் போடுபவர்களின் சர்க்கரையையும் விட்ட வாரங்களில் மறுபடி பார்ப்பது அவசியம்.

மருந்துகளை விரிவாக எழுத இங்கே இடமில்லை. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நிகோடின் மாற்று, புப்ரோப்பியான், வாரெனிக்ளின், சைடிசின் ஆகியவற்றைச் சிபாரிசு செய்கிறது. இவற்றுள் நிகோடின் பசையும் புப்ரோப்பியானும், உட்கொள்ளும் காலத்திலேனும், எடையேற்றத்தைத் தள்ளிப்போடுகின்றன. எடைக்கு அஞ்சும் நோயாளிக்கு இது பெரிய உபகாரம். அவருக்கு மருந்தே வேண்டாம் என்று மன உறுதியை மட்டும் எழுதிக் கொடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. பசையை மிட்டாய்போல விடாமல் மெல்லாமல், காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதை மனைவியும் கேட்கும்படி சொல்லுங்கள்.

மனைவியே வெற்றிலையுடன் புகையிலை போடுபவராக இருக்கும் இல்லங்களும் நம் பகுதியில் குறைவல்ல. முன் சொன்ன 2016–17 கணக்கெடுப்பில் நாட்டின் பெண்களில் புகைப்போர் 2 சதவீதமே, புகையற்ற புகையிலையை உபயோகிப்போர் 12.8 சதவீதம். கணவரைக் கண்டிக்கும் அவரிடம் இதைக் கேட்க நமக்குச் சங்கோசம் உண்டாவது இயல்பு. கேளுங்கள். இங்கிலாந்தில் முதியோரிடையே செய்த ஆய்வொன்றில், கணவரும் அதே காலத்தில் விட்டபோது புகைத்த பெண்களில் பாதிப் பேர் விட்டனர். கணவர் புகைத்துக்கொண்டே இருந்தபோது 8 சதவீதம் பேரே விட்டனர்.

நம் சக வைத்தியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகையை விட்டவர் அடுத்த முறை வரும்போது அவர் மனைவிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்; நான்கைந்து கிலோ ஏறக்கூடும் என்பதை இருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; எடையின் முறை நான்காம் மாதத்தில் வரும், அதுவரை வீட்டில் யாரும் யாரையும் நிறுத்துப் பார்க்க வேண்டாம் என்று தீர்மானமாக உரையுங்கள். மருந்துச் சீட்டின் அடியில் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விலகல் உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். 2016-இல் தொடங்கிய அந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது; தமிழிலேயே பேசலாம்.