பெயர் எழுதாத ஃபாரம்

திருச்சியிலிருந்து தங்கை பேசியதிலிருந்து எனக்குக் கோபம் தணியவில்லை.  

மாப்பிள்ளையின், அதாவது தங்கை கணவரின், ஸ்விஃப்ட் காருக்குப் பாடாலூர் அருகே விபத்து நேர்ந்தது. சாலையோரம் ஒதுங்கி நின்ற காரின் பின்பக்கத்தில் லாரி மோதிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பெரிய காயமில்லாமல் தப்பினார்கள்.  ஆட்கள் பிழைத்தார்கள், கார் பிழைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் போட்ட எஸ்டிமேட் நாலு லட்சத்தைத் தாண்டியது. சர்வேயர் வந்து பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிட்டது.

இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். கம்பெனியும் நாமும் ஒப்புக்கொண்ட காரின் மதிப்பு அது. இரண்டு வயது தாண்டி மூன்று முடியாத காருக்குப் புதுக்கார் விலையில் 30 சதவீதம் கழிப்பார்கள், நாலு வயது தாண்டிவிட்டால் 50 சதவீதம். ஐந்து வயதுக்கு மேல் பேசி முடிவு செய்வது. பழுதுபார்க்கும் செலவு இந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கு வைத்து, ஐ.டி.வி.யைக் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளையின் காருக்கு ஐ.டி.வி. 4,80,000 ரூபாய். அதில் 75 சதவீதம் 3,60,000. எஸ்டிமேட் அதைத் தாண்டியது. 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயப் பிடித்தம் ஆயிரம் ரூபாய். மீதி 4,79,000 வர வேண்டும்.

கம்பெனி சொன்ன தொகை 4,10,000. “இன்றைக்கு மார்க்கெட்டில் இந்த வண்டி அவ்வளவுதான் போகும்” என்றார்கள்.

மார்க்கெட் விலையைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடமே இல்லை. முழு நஷ்டம் என்று வந்துவிட்டால் பாலிசிக் காலம் முழுவதும் ஐ.டி.வி.தான் மார்க்கெட் விலை, மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று அவர்கள் அச்சடித்துக் கொடுத்த பாலிசியிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2008-இல் தர்மேந்திர கோயல் வழக்கில் இதைத்தான் சொன்னது: ஒரு மதிப்பை ஏற்று அதற்குப் பிரீமியமும் வாங்கிக்கொண்ட கம்பெனி, விபத்து நடந்த பிறகு அந்த மதிப்பை இஷ்டப்படி குறைக்க முடியாது. சர்வேயரின் அறிக்கையே இறுதித் தீர்ப்பு ஆகிவிடாது என்று 2009-இல் இன்னொரு வழக்கிலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாப்பிள்ளை இந்த இரண்டையும் பாலிசி வரியையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினார். தொகை 4,79,000-க்கு வந்துவிட்டது. கடிதம் எழுதினால் நடக்கும் என்று நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பணக்கணக்கு இத்தோடு முடிந்தது. தங்கை என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு.

“அண்ணே, உடைஞ்ச வண்டிய எடுக்குறதுக்கு ஒரு ஆள் வந்திருக்காரு. 29, 30-ன்னு ரெண்டு ஃபாரம். வாங்குறவங்க பேரு எதுவும் எழுதல. கையெழுத்த மட்டும் போடுங்கங்கறாரு. ஆதார், பான் கார்டு ஜெராக்ஸும் கேக்குறாரு. போடலாமா?”

வண்டியின் உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஃபாரங்கள் அவை. போடாதே என்றேன். வந்தவரிடமும் பேசினேன். “எல்லாரும் இப்படித்தான் சார் போட்டுக் கொடுக்கிறாங்க” என்றார்.

எல்லாரும் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்தப் பத்தியை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு இந்தச் சொல்லோடு எனக்குள்ள சண்டை தெரியும். நிரப்பாத தாளில் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கடன் கொடுப்பவர் வெற்றுக் காசோலை கேட்கிறார். கந்துவட்டிக்காரர் எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, அந்தப் பத்திரங்கள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. நள்ளிரவில் நோயாளியைச் சேர்க்க ஓடி வந்தவரிடம் ஒரு கட்டுத் தாளை நீட்டிப் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலைக்குச் சேரும் இளைஞன் என்ன எழுதப்போகிறார்கள் என்று தெரியாமலே முத்திரைத்தாளில் போடுகிறான்.

எழுதாத தாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். எழுதாத தாள்தான் எழுதிய தாளைவிட ஆபத்தானது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 20-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த முத்திரை தாங்கும் தொகைவரை அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2019-இல் பீர் சிங் எதிர் முகேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அது செல்லும், கடனுக்காகக் கொடுக்கவில்லை என்றால் அதைக் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. நிரப்புகிற பேனா யார் கையில் இருக்கிறது என்று சட்டம் அதிகம் கவலைப்படுவதில்லை. கையெழுத்து யாருடையது என்றுதான் பார்க்கிறது.

வண்டிக்கு வருவோம். உடைந்த வண்டியை வாங்குபவர்களிடம் கம்பெனி விலை கேட்கும். பெரும்பாலும் இரண்டு விலை வரும்: ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழோடு ஒரு விலை, அது இல்லாமல் ஒரு விலை. மாப்பிள்ளையின் காருக்கு ஆர்.சி.யோடு 1,40,000, ஆர்.சி. இல்லாமல் 95,000. அதே இரும்பு, அதே இன்ஜின், அதே உடைந்த கண்ணாடி. காகிதத்துக்கு மட்டும் 45,000 ரூபாய்.

ஓடாத வண்டியின் காகிதத்துக்கு எதற்கு இவ்வளவு விலை? காரணம் இரண்டுதான். ஒன்று, வண்டியை எப்படியோ நிமிர்த்தி, ரோட்டில் ஓட்டி, விவரம் தெரியாத ஒருவருக்கு விற்பது. இன்னொன்று, அதே மாடலில் திருடிய வண்டிக்கு இந்தச் சேஸிஸ் எண்ணை அடித்து, இந்த ஆர்.சி.யைப் பொருத்துவது. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் காவல்துறை இப்படிப்பட்ட கும்பல்களைப் பலமுறை பிடித்திருக்கிறது. திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர்போன மீரட்டின் சோதிகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் போலீஸ் மூடியது. பழைய உதிரிபாகத் தொழிலையே நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னை புதுப்பேட்டைக் கடைகளும் அங்கே வேலை செய்யும் கைகளும் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் வண்டிகளைக் காப்பாற்றியிருக்கின்றன. பாகங்களாகப் பிரித்து விற்பவருக்கு ஆர்.சி. தேவையே இல்லை. அவருக்கு அந்த 95,000 ரூபாய்ச் சரக்கு போதும்.

அந்த 45,000 யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஆர்.சி.யோடு விற்றால் வாங்குபவர் 1,40,000 கொடுப்பார், கம்பெனி 3,39,000 கொடுத்தால் போதும். ஆர்.சி. இல்லாமல் விற்றால் கம்பெனி 3,84,000 கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எப்படியும் 4,79,000தான். ஆக, ஆர்.சி.யைச் சேர்த்துக் கொடுப்பதால் வரும் லாபம் முழுவதும் கம்பெனிக்கு. இந்தப் பேரத்தில் கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் ஒருநாளும் ஏறுவதில்லை. பெயர் மாற்றும்வரை, அல்லது ரத்தாகும்வரை, அந்த வண்டிக்குச் சட்டப்படி உரிமையாளர் மாப்பிள்ளைதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30): யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் 2007-இல் தன் காரை விற்றார். அது அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியது. யாரும் ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை. 2009-இல் ரிவர்ஸில் வந்த அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. நஷ்டஈடு யார் கொடுப்பது? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர். விபத்தில் பாதிக்கப்பட்டவர் யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடி அலையக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நியாயம். அந்த நியாயம் சரியானது. அதனால்தான் பெயர் எழுதாத ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்பது இவ்வளவு பெரிய அநியாயம்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, நிரந்தரமாகப் பயன்படாத நிலைக்குப் போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள், அல்லது முடிந்த விரைவில், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அவர்கள் பதிவை ரத்து செய்வார்கள். பிரிட்டனில் 2017 முதல் முழு நஷ்டமான வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று வகை பிரிக்கிறார்கள். ஏ என்றால் முழுவதும் நசுக்கிவிட வேண்டும். பி என்றால் பாகங்களை எடுத்துக்கொள்ளலாம், உடற்கூட்டை நசுக்க வேண்டும். இரண்டும் மறுபடி ரோட்டுக்கு வரக் கூடாது. நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு முத்திரையும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏலத்தில் போனபோது, அவற்றைப் பின்னால் வாங்கப்போகிறவருக்கு வண்டியின் கதையை ஆர்.சி. சொல்லவில்லை.

ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு வண்டியைக் கொடுக்கிறோம் என்று மாப்பிள்ளை இந்த வாரம் கம்பெனிக்கு எழுதிவிட்டார். ஆர்.சி.யோடு கொடுத்தால்தான் பணம் என்கிறார்கள் இப்போது. அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவோம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்பார்கள். அவர்கள் கொடுக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறைக்கும் ஒரே ஒரு கோரிக்கை. முழு நஷ்டம் என்று முடிவான எந்த வண்டியும், பதிவு ரத்தாகும்வரை அல்லது வாங்கியவர் பெயருக்கு மாறும்வரை, உரிமையாளரின் வாசலை விட்டு நகரக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும், லாபம் அடைகிற கம்பெனியின் மேலேயே வையுங்கள்.

விதி வரும்வரை வாசகர்கள் செய்ய வேண்டியது இது. டோட்டல் லாஸ் என்றால் பதிவை ரத்து செய்யக் கேளுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் வாங்குபவரின் பெயரும் முகவரியும் ஃபாரம் 29, 30 இரண்டிலும் உங்கள் கண்முன் எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். தேதியும் நேரமும் போட்ட டெலிவரி ரசீது வாங்குங்கள். ஃபாரம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாகன் செயலியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாரும் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள்.