வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குளம்



பெங்களூரில் வசிக்கும் நம்மவர் நன்கறிந்த மெஜஸ்டிக் பேருந்து நிலையம் முற்காலத்தில் தர்மாம்புதி ஏரியாயிருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியிருந்த இடத்திலே நிற்கிறது. ஏரிகள் தூர்ந்தபோது தவளைக்கும் தட்டான்பூச்சிக்கும் இருப்பிடம் அற்றுப்போயிற்று. ஆகையால், கொல்லையில் ஆறடிக்கு நான்கடி இடமுள்ளவர்கள் சிறு குளமொன்றை வெட்டலாம் என்பது என் ஆலோசனை.

"கொசு பெருகுமே, டெங்கு வருமே" என்பீர்கள். நியாயமான பயமே. வெப்பகாலத்தில் முட்டை கொசுவாய்ப் பறக்க ஏறக்குறையப் பத்து நாட்கள் போதும். இதற்கென்று பலர் கம்பூசியா மீனை விடுகிறார்கள். 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன், கொசுப்புழுவோடு தவளைமுட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுபோடும். யாருக்காகக் குளம் வெட்டினோமோ அவர்களையே அது விழுங்கிவிடும்! மீனே வேண்டாம். தட்டான்பூச்சியின் இளம்பருவம் நீருக்குள்தான் கழிகிறது. அது கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். அவை குடியேறுமட்டும் வாரம் இருமுறை வலையால் புழுக்களை அரித்தெடுங்கள்.

நடுவில் இரண்டடி ஆழம் போதும். அடியில் கனத்த தார்ப்பாய் விரியுங்கள். ஒரு பக்கமாவது சரிவாயிருக்கட்டும். சுற்றிலும் செங்குத்தாயிருந்தால் தவறி விழுந்த தேரையும் அணிலும் கரையேறமாட்டாமல் மாண்டுபோகும். அல்லியும் வேலம்பாசியும் நடுங்கள்; வெங்காயத்தாமரை ஒரு துண்டும் வேண்டாம். நிரப்புவதற்கு மழைநீரே உத்தமம்.

வாடகை வீட்டார் அகன்ற தொட்டியொன்றில் கல்லடுக்கி இதையே செய்யலாம் (வீட்டுக்காரரைக் கேட்டுத்தான்!). நடைபழகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் மட்டும் சில வருடங்கள் பொறுத்திருங்கள். அரையடி நீரும் அவர்களுக்கு ஆபத்தே.