கொக்குக் குட்டையும் 600 மில்லிமீட்டர் ஆசையும்



தமிழ்ப்பள்ளி இயற்கைக் கழகத்திற்கு 150–600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கித் தரலாம் என்று பெற்றோர் சிலர் நல்லெண்ணத்தோடு கூறுகின்றனர். நல்லெண்ணத்தை மதிக்கிறேன், யோசனையை எதிர்க்கிறேன்.

குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர். ஆறாம் ஆண்டு மாணவனே செய்துவிடுவான். வாய் அகன்றால் கண்ணாடி பருக்கும், எடை கூடும். 2008-இல் சிக்மா நிறுவனம் கொண்டுவந்த 200–500 மில்லிமீட்டர், எஃப் 2.8 லென்ஸின் எடை 15.7 கிலோ! முதலாம் ஆண்டில் சேரும் நம் மெலிந்த பிள்ளைகள் சிலரின் எடையே அதைச் சற்றுத்தான் தாண்டும். நாம் பேசும் லென்ஸ் ஏறக்குறைய 2 கிலோதான். அதையும் பத்து வயதுப் பிள்ளை எத்தனை நிமிடம் தூக்கிப் பிடிக்கும்?

பத்து காஜா அருகே கிந்தா இயற்கைப் பூங்காவை அறிவீர்கள். ஈயம் தீர்ந்து கைவிடப்பட்ட லம்பக் குட்டைகளில் கொக்கும் நாரையும் குடியேறிய இடம். முப்பது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்கிறோம் என்று வையுங்கள். லென்ஸ் ஒன்று, அதில் பார்க்கும் கண்ணும் ஒன்று. 600-இல் அது காட்டுவது ஏறக்குறைய 4 பாகைப் பரப்பு. பறக்கும் நாரையை அதற்குள் கொண்டுவர ஒருவன் திண்டாடும்போது இருபத்தொன்பது பேர் வெயிலில் நிற்பர். வெயில் ஏறி நீர்மேல் காற்று நடுங்கினால் படமும் நடுங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அந்த நடுக்கத்தைத் தீர்க்க இயலாது.

‘பிள்ளைகள் பழகட்டுமே’ என்பர். பல ஆயிரம் வெள்ளிப் பொருளைப் பிள்ளை கையில் யார் கொடுப்பார்? அது அலமாரிக்குள் போய்விடும். (நம் பள்ளிகளின் பூட்டிய அலமாரிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

பெரிய லென்ஸ் தீயதன்று. இருவாய்ச்சியின் பெண்பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண்பறவை சிறு பிளவின் வழியே இரை ஊட்டும். மரத்தடியில் மனிதர் நின்றால் அது நெருங்கத் தயங்கும். உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். மலேசியாவின் பத்து வகை இருவாய்ச்சிகளும் வாழும் பெலும்–தெமெங்கோர் காட்டில் விலகி நின்று படமெடுப்பவருக்கு 600 மில்லிமீட்டர் தேவைதான். ஆனால் அதையே தோளில் மாட்டிக்கொண்டு கூட்டின் அடியில் போய் நிற்பவர்களையும் காண்கிறோமே! அந்தப் பாடமா நம் பிள்ளைகளுக்கு வேண்டும்?

அதே பணத்தில் எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய பைனாகுலர்கள் பத்து வாங்கலாம். மூவருக்கு ஒன்று கிடைக்கும். காடு வரை போகவும் வேண்டாம். பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. எலிகளைப் பிடிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைத்த தோட்டங்களும் உள்ளன. கூகை வெளியே வருவது அந்தி மயங்கும் நேரத்தில். எஃப் 6.3 லென்ஸில் அப்போது கலங்கல் படமே மிஞ்சும். 42 மில்லிமீட்டர் வாய் கொண்ட பைனாகுலரிலோ, அந்த வெள்ளை முகத்தைப் பிள்ளை தன் இரு கண்ணாலும் பார்த்துவிடும்.