குடை திருடிய கதை

சித்திரம் எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேளாத பெற்றோரை நம்மிடையே காண்பது அரிது. பிள்ளை கொப்பியின் ஓரத்தில் ஒரு யானையை வரைந்துவிட்டால், "கணக்கைச் செய்யாமல் கிறுக்கிக்கொண்டா இருக்கிறாய்?" என்பதே நம் வாயில் முதலில் வரும் சொல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது பெற்றோரைக் குறை கூறவும் முடியாது. யானைக்கு அங்கே புள்ளியில்லை. ஆயினும், அந்த யானையை அழிக்காமல் விட்டுவைத்த ஒரு தந்தையைப் பற்றியும், அவர் மகள் அடைந்த நிலையைப் பற்றியும் இவ்வாரம் நேயர்களுடன் உரையாட விரும்புகிறோம்.

அம்மகளின் பெயர் சிபில் வெத்தசிங்ஹ. காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் 1927ஆம் ஆண்டு பிறந்தவர். ஆறு வயதளவில் குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர்ந்தது. மகள் ஆங்கிலம் கற்று முன்னேற வேண்டும் என்பது தாயின் விருப்பம். தந்தையோ அவள் வரைந்தவற்றைச் சேர்த்து ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவை எச். டி. சுகதபால என்னும் ஆசிரியரின் கண்ணிற் பட்டன. ரோயல் ஆரம்பப் பாடசாலையின் தலைமையாசிரியராக விளங்கிய சுகதபால, 'நவமக' என்ற சிங்கள வாசிப்பு நூல் வரிசையை ஆக்கியவர். பதினைந்து வயதளவே நிரம்பிய ஒரு மாணவியிடம் பாடநூலுக்குப் படம் வரையும் பொறுப்பை அவர் ஒப்படைத்தார். இன்று எந்தக் குழுவும் அப்படிச் செய்யத் துணியுமா என்பது ஐயமே.

ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயிலாத இப்பெண், 1948இல் 'லங்காதீப' பத்திரிகையில் ஓவியராகச் சேர்ந்தார். பத்திரிகையின் ஓவியக் கூடம் ஆடவர்க்கே உரியது என்று எண்ணப்பட்ட காலம் அது. பின்னர், நம் 'தினகரன்' வெளிவரும் அதே லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனதா' பத்திரிகைக்குச் சென்றார். அங்கு பணியாற்றிய தர்மபால வெத்தசிங்ஹவை மணந்ததும் அக்காலத்திலேயே. பிறர் எழுதிய கதைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர் தாமே ஒரு கதையை எழுதி, அதற்குத் தாமே படமும் வரைந்தார். 1956இல் நூலாக வந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், அதுதான்.

கதை மிக எளிது. குடையென்ற பொருளையே கண்டறியாத ஒரு கிராமம். மழை வந்தால் வாழையிலையும் சாக்குமே தலைக்குக் காப்பு. அவ்வூர்க் கிரி மாமா ஒருநாள் பட்டணம் போகிறார். குடைகளைக் கண்டு வியந்து ஒன்றை வாங்கி வருகிறார். ஊருக்குத் திரும்பியதும் கடையில் கோப்பி அருந்தும் வேளையில் குடை காணாமற் போகிறது. மீண்டும் வாங்குகிறார்; மீண்டும் போகிறது. இறுதியில் மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டு வைக்கிறார். வழியெங்கும் சிந்திக் கிடக்கும் துண்டுகளைப் பின்பற்றிக் காட்டுக்குள் சென்றால், ஒரு மரத்தில் அவருடைய குடைகள் அனைத்தும் தொங்குகின்றன! எல்லாவற்றையும் எடுத்துக்கொள்பவர், திருடனுக்கென்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வருகிறார். மறுநாள் போய்ப் பார்த்தால், மர உச்சியில் ஒரு குரங்கு அக்குடையை விரித்துப் பிடித்து அமர்ந்திருக்கிறது.

அந்த ஒற்றைக் குடையை விட்டுவந்த செயலிலேதான் இக்கதையின் உயிர் இருப்பதாக நாம் கருதுகிறோம். வேறொருவர் எழுதியிருந்தால் திருடனைப் பிடித்துத் தண்டித்து, அதன் கீழே ஒரு நீதியையும் அச்சிட்டிருப்பார். நம் சிறுவர் நூல்களுட் பல நீதியைச் சொல்லும் அவசரத்தில் கதையை மறந்துவிடுகின்றன. இங்கே குழந்தை சிரிக்கிறது. குரங்கிடம் அதற்குக் கோபம் வருவதில்லை. படங்களும் அவ்வாறே. தடித்த கருங்கோடு, அடர்ந்த வண்ணம், தொந்தி விழுந்த மாமாக்கள், கொண்டை முடிந்த பெண்கள். தென்னிலங்கைக் கிராமம் ஒன்று எவ்வித ஒப்பனையுமின்றி ஏட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நேர்த்தி போதாதென்று சொல்வோரும் உண்டு. ஐந்து வயதுக் குழந்தை நேர்த்தியைத் தேடுவதில்லை. தனக்குத் தெரிந்த முகத்தைத் தேடுகிறது.

இந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1986இல் ஜப்பானிலே சிறந்த சிறுவர் நூலுக்கான விருதையும் பெற்றது. ஜப்பானியக் குழந்தைக்குக் கிந்தோட்டையைத் தெரியாது. குடையைத் தெரியும், குரங்கையும் தெரியும்.

நம் ஊவாப் பிள்ளைகளுக்கோ இக்கதை இன்னும் நெருக்கமானது. வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரையும் பதுளை மலைகளை நனைக்கும். பசறையிலும் தெமோதரையிலும் அப்பருவத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குடை பிடிக்க முடியாது. இரு கையும் செடிமேல் இருக்க வேண்டும், முதுகிலே கூடை தொங்க வேண்டும். படங்கையும் கம்பளியையும் சுற்றிக்கொண்டே மலையேறுகின்றனர். குடையில்லாத கிரி மாமாவின் ஊர் எங்கோ ஒரு கற்பனை ஊர் என்று லயத்துப் பிள்ளைக்குத் தோன்றாது.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டப் பாடசாலை ஒன்றின் இரண்டாம் வகுப்பில் இக்கதையைச் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. மாமா என்ற சொல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவாதலால் கிரி மாமாவை அறிமுகப்படுத்த வேண்டிய சிரமம் இருக்கவில்லை. குரங்கு வருமுன் நிறுத்தி, "யார் திருடியிருப்பார்கள்?" என்று வினவினோம். கடைக்காரர் என்றான் ஒருவன். கங்காணி என்றாள் ஒருத்தி, வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "காட்டுல யாரோ நனைஞ்சுக்கிட்டு இருக்காங்க சார்" என்றாள். படத்தை அவள் பார்த்திருக்கவில்லை. படம் வரையச் சொன்னபோது, அவள் வரைந்த திருடனுக்கு முகமே இல்லை. தலையிலிருந்து கால்வரை படங்கு போர்த்தியிருந்தது.

அன்று முதல் நம்மை உறுத்தும் வினா ஒன்று உண்டு. படங்கு போர்த்திய மனிதர் ஒருவரைத் தமிழ்ப் படநூலில் இப்பிள்ளை எங்கே காண்பாள்? நம் தலைமுறையை வளர்த்தது அம்புலிமாமா. 1947இல் சென்னையில் தொடங்கிய அவ்விதழில், வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் அவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அது அரண்மனைகளும் மயானங்களும் நிறைந்த உலகம். 1990களில் சென்னையில் தோன்றிய தாரா, தூளிகா ஆகிய பதிப்பகங்கள் நிகழ்கால வாழ்வைப் படநூலுக்குள் கொணர்ந்தன. பாராட்டத்தக்க பணி. என்றாலும், தேயிலை மலையும் லயமும் பிள்ளை மடுவமும் அங்கேயும் ஓரத்துச் செய்திகளே. கிந்தோட்டைக்கு ஒரு சிபில் கிடைத்தார். ஊவாவுக்குரியவர் ஊவாவிலிருந்தே வர வேண்டும்.

வருவதற்குத் தடை திறமையின்மை அன்று. தோட்டப்புறத்துப் பெண் பிள்ளைகள் எழுத்தறியுமுன்பே கோலமிடப் பழகுகின்றனர். மார்கழி மாதத்து லய வாசல்களைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். புள்ளி வைத்துச் சமன் பார்த்துக் கோட்டை முறியாமல் இழுக்கும் கை, ஏட்டில் வரையாதா? தடை வேறிடத்தில் உள்ளது. நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்பினாள். தந்தை மறுத்துவிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சார், மாசம் எவ்வளவு வரும்?"

அக்கேள்வியை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. சிபில் அம்மையாரின் வரலாற்றையும் அக்கண்கொண்டு பார்க்க வேண்டும். அவருக்கு முதலில் சோறிட்டது படநூலன்று. பத்திரிகை தந்த மாதச் சம்பளம். பாடநூல், பத்திரிகை, அதன் பின்னரே தம் கதை என்பதே அவர் ஏறிய படிவரிசை. 1965இல் 'வெசாக் கூடு' பற்றிய அவருடைய நூலொன்றுக்கு ஆசியப் பெண் எழுத்தாளர்க்குரிய இசபெல் ஹட்டன் பரிசு கிட்டியபோது, அவர் பத்திரிகை ஓவியராகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அந்த இரண்டாம் படி தேய்ந்துவிட்டது. ஓவியரின் மேசையில் கணினி அமர்ந்திருக்கிறது. முதற்படி எஞ்சியிருக்கிறது. 1980 முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கும் பாடநூல்கள் தோட்டந்தோறும் சென்று சேர்கின்றன. பல லயங்களில் வண்ணப் படமுள்ள ஒரே புத்தகம் அதுவே. அதில் படம் வரையும் பொறுப்பை மலையகத்து இளைஞர் சிலருக்கேனும் வழங்கினால், "மாசம் எவ்வளவு வரும்?" என்ற தந்தைக்கு நாம் சொல்ல ஒரு பதில் இருக்கும். ஒரு சுகதபால வாய்த்தால் போதும்.

அம்மாணவிக்கு வருவோம். அவள் வர்த்தகப் பிரிவில் கற்றுத் தேறி, இப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள். தீபாவளிக்கு அவள் அனுப்பும் வாழ்த்து மட்டும் இன்னும் கையால் வரைந்ததாகவே வருகிறது. சென்ற ஆண்டு வந்ததில் பிள்ளை மடுவத்து ஆயா ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏணைக்கு வெளியே ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது.

சிபில் அம்மையார் 200க்கும் மேற்பட்ட நூல்களை ஆக்கி, தொண்ணூறு கடந்த பின்னும் வரைந்துகொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் ஒரு கதையை முடிக்காமல் விட்டு, முடிவை எழுதும்படி நாட்டின் பிள்ளைகளையே கேட்டனர். அவ்வாறு வந்தவற்றுள் 1,250 முடிவுகளுடன் அந்நூல் வெளியாகி, மிகப் பல முடிவுகளைக் கொண்ட நூல் என்று 2020இல் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டு யூலை முதலாம் திகதி, தமது 92ஆம் வயதில் அவர் காலமானார். விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் அவர்களும் அவ்வாண்டு செப்டெம்பரிலேயே மறைந்தார்.

வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ள நேயர்கள், நூல் கிடைக்காவிடினும், இக்கதையை இன்றிரவே வாய்மொழியாகச் சொல்லலாம். மரத்தில் குடைகள் தொங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். வரையப்படும் திருடன் யாரென்று எமக்கும் எழுதியனுப்பினால் மகிழ்வோம்.