ஊசி போடுகிறவர்களை ஏன் காக்க வைக்க வேண்டும்?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தானியங்கி இன்சுலின் பம்பை அரசுச் செலவில் வழங்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பான நைஸ் 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஐந்தாண்டுகளில் படிப்படியாக வழங்கும் திட்டம் என்பதால் முன்னுரிமையும் வகுத்தார்கள். குழந்தைகள், இளையோர், கருவுற்ற அல்லது கருவுறத் திட்டமிடும் பெண்கள், ஏற்கெனவே சாதாரண பம்ப் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு முதலில் கிடைக்கும். ஊசி போட்டும், சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 7.5 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் தவிக்கும் பெரியவர்களுக்கும் தகுதி உண்டு. ஆனால் அவர்கள் பின்வரிசையில் நிற்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முன்னால் வைத்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. பம்ப் இருப்பதையே ஒரு தகுதியாக்கியதுதான் தவறு.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். தோலுக்கடியில் உள்ள சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அனுப்புகிறது. அது எங்கே போய் நிற்கும் என்று மென்பொருள் கணித்து இன்சுலினைக் கூட்டுகிறது, குறைக்கிறது, தேவைப்பட்டால் நிறுத்துகிறது. சாப்பாட்டின் மாவுச்சத்தை மட்டும் நாம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோலுக்கடியில் செலுத்தும் இன்சுலின் வேலை செய்யத் தொடங்குவதற்குள் சோறு சர்க்கரையாகிவிடுகிறது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தும் தீவிர சிகிச்சையால் கண் விழித்திரைப் பாதிப்பு உருவாகும் அபாயம் 76 சதவீதம் குறைகிறது என்று 1993-லேயே டிசிசிடி ஆய்வு காட்டிவிட்டது. அதே ஆய்வில் ஆபத்தான லோ சுகர் மும்மடங்கானது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பயந்து, வேண்டுமென்றே அதை உயர்த்தி வைத்துக்கொண்டு படுப்பவர்கள் பலர். அந்தப் பயத்தைத்தான் இக்கருவி பெருமளவு குறைக்கிறது. அப்படியானால் யாருக்கு அதிகப் பலன்? பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டனில் நடந்த அடாப்ட் ஆய்வு விடை தருகிறது. அதில் சேர்ந்த 82 பேரும் ஊசியோடு ஸ்கேன் செய்யும் சென்சார் பயன்படுத்தியும் எச்பிஏ1சி 8 சதவீதத்துக்குக் குறையாதவர்கள். நேரடியாகத் தானியங்கி பம்புக்கு மாறியவர்களின் சராசரி, ஆறு மாதத்தில் 9-லிருந்து 7.3-க்கு இறங்கியது. ஊசியிலேயே தொடர்ந்தவர்களுக்கு 0.2 மட்டுமே குறைந்தது. இடையில் சாதாரண பம்ப் என்ற படி தேவைப்படவே இல்லை.

பம்ப் பழகியவர்களுக்குச் சொல்லித்தருவது சுலபம், செவிலியர்கள் குறைவு, அதனால் அவர்களை முதலில் முடிப்போம் என்பது எதிர்வாதம். நிர்வாகத்துக்கு அது வசதிதான். ஆனால் அந்தக் கணக்கு எத்தனை கருவி போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணுகிறது, எத்தனை கண்ணும் சிறுநீரகமும் தப்பின என்பதை எண்ணவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள் கருவியை எப்படிக் கையாள்வார்கள் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. பம்பில் நீண்டநேர இன்சுலின் கிடையாது. குழாய் அடைத்தால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகத் தொடங்கிவிடும். இந்த ஆபத்தை நான் சிறிதாக்க மாட்டேன். கீட்டோன் பரிசோதிப்பது எப்படி, கைவசம் இன்சுலின் பேனா ஏன் வேண்டும் என்று கற்றுத் தராமல் ஒருவர் கையிலும் பம்பைக் கொடுக்கக் கூடாது. ஆனால் ஊசியைத் தவறவிடுபவருக்கும் இதே ஆபத்து இன்றைக்கே இருக்கிறது. இரவுப் பணி, ஒழுங்கற்ற சாப்பாட்டு நேரம், லோ சுகர் பயம் என உயர்ந்த சர்க்கரைக்குப் பின்னால் எத்தனையோ இருக்கலாம். அதை அசட்டை என்று எழுதிவிடுவது அநியாயம்.

செலவு ஒரு காரணமே அல்ல என்று சொல்லவில்லை. நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட கட்டுப்படியாகும் விலையில் வாங்கினால் மட்டுமே என்ற நிபந்தனையோடுதான் நைஸ் சம்மதித்தது. விலை பேசி முடித்த பிறகு மிஞ்சுவது பயிற்சி இடங்களைப் பகிர்வதுதான். ஒவ்வொரு மருத்துவமனையும் அவற்றில் ஒரு பங்கை ஊசி போடுகிறவர்களுக்கென்று இப்போதே ஒதுக்கிவைக்கட்டும். எச்பிஏ1சி மிக அதிகமாக உள்ளவரை அதில் முதலில் அழைக்கட்டும். நல்ல கட்டுப்பாட்டில் உள்ள பம்ப் பயனாளர் அதற்காகச் சில மாதம் பொறுத்திருந்தால் அவருக்குப் பெரிய இழப்பு இல்லை.